ஆறாம் நம்பர் மலையில் எதுவும் இல்லை

ஹட்டன் பிரதான வீதியில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறோம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்பியூட்டர் என்று சொல்லிவிட்டால் போதும், ஊருக்குப் போகும்போதெல்லாம் ஓடாத டீவியையும் சூடாகாத ரைஸ் குக்கரையும் கொண்டுவந்து நீட்டுவார்கள். எத்தனை தரம் சொன்னாலும் விட மாட்டார்கள் என்பதால் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் பையில் வைத்திருக்கிறேன்.

என் வேலை தேடல். ஒரு கம்பெனி பல வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் கடிதம், படம், அறிக்கை, வரைபடம் எல்லாவற்றையும் ஓர் ஆவணக் களஞ்சியத்தில் போட்டு வைப்போம். யாராவது கேட்டால் அதற்குள்ளிருந்து கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும். போடுவது பெரிய விசயமே இல்லை. எடுப்பதில்தான் நாக்குத் தள்ளிப்போகும்.

அக்கா என்னைவிட நிறைய மூத்தவள். தலவாக்கலைக்கு அந்தப் பக்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே இன்றும் கொழுந்து எடுக்கிறாள். அந்தத் தோட்டத்தை நடத்தும் கம்பெனி எங்களிடம் வேலை கொடுக்க வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் கேட்ட முதல் விசயமே குளவி.

தேயிலைக்குள் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுத்தையைவிடக் குளவியிடம்தான் பயம். கவ்வாத்துக் கத்தி ஒரு கிளையில் பட்டாலும் போதும், பெரிய காற்று ஒன்று அடித்தாலும் போதும், கூட்டமாகக் கிளம்பி வரும். கூட்டை முதலில் காண்பவர் கங்காணியிடம் சொல்வார். அவர் வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்வார். இவரைத் தோட்டத்தில் எல்லோரும் ஐயா என்பார்கள். ஐயா மறந்துவிட்டால் அத்தோடு சரி. அதனால் கம்பெனி ஒரு வழி யோசித்தது. ஐயா தன் கையிலிருக்கும் டெப்பில், அந்தச் சின்னப் பலகைக் கணினியில், கூட்டைப் படம் பிடித்துக் களஞ்சியத்தில் போட வேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை மலைகளுக்குப் பிரித்து அனுப்பும் முன்னால், அந்த மலையின் நம்பரை அடித்துக் குளவி என்று தேடிப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் தேயிலை நிற்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு மலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்.

யோசனையில் ஒரு குறையும் இல்லை. தேடல்தான் நகரவில்லை. களஞ்சியத்தில் குளவி மட்டுமா இருந்தது? ஃபேக்டரி மெசின் திருத்திய அறிக்கை, ஏற்றுமதிக் கடிதம், உரம் வாங்கிய ரசீது, துரை பங்களாவின் கூரைப் படம், எல்லாமே அங்கேதான். குளவி என்று ஒருவர் கேட்டால் மென்பொருள் இவை ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும். இதைப் பார்க்க இவருக்கு அனுமதி இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக வேறு யோசிக்கும். டெப்பின் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐயா ஒருநாள் போன் எடுத்து ஏசினார்.

"இது தேடி முடிக்கிறதுக்குள்ள பொம்பளைங்க மலைக்குப் போயி பாதி நிரை முடிச்சிடுறாங்க தம்பி. எனக்கு இது சரிப்பட்டு வராது."

அவர் பார்ப்பதையே விட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது. யாரும் காத்திருந்து பார்க்காத தேடலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. இன்டெக்ஸ் என்று ஒன்று போட வேண்டும். பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு சொல்லும் அது எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்பதும் அச்சிட்டிருப்பார்களே, அதுதான். குளவி பற்றிய ஆவணங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் அதைப் போட, சேர்ந்து கிடக்கும் எல்லாவற்றையும் ஒருமுறை ஆதியோடந்தமாகப் படித்தாக வேண்டும், அதுவரை களஞ்சியத்தை மூடி வைத்தாக வேண்டும். கொழும்பிலிருந்த தலைமை அலுவலகம் கையை விரித்துவிட்டது. கொழுந்து சீசன் நேரத்தில் ஒரு மணித்தியாலம்கூட மூட முடியாது, சீசன் முடியட்டும் என்றார்கள்.

அதனால் எங்கள் அலுவலகத்தில் ஒரு குறுக்கு வழி பிடித்தோம். களஞ்சியம் ஒரு மரம் மாதிரி அமைந்தது. தோட்டத்துக்குள் டிவிசன், டிவிசனுக்குள் மலை, மலைக்குள் அதன் படங்களும் அறிக்கைகளும். ஆறாம் நம்பர் மலையைக் கேட்டால் ஆறாம் நம்பர் கோப்புறைக்குள் மட்டும் தேடு, மற்ற எதையும் திறக்காதே என்று கட்டளை போட்டோம். அவ்வளவுதான், வட்டம் சுற்றுவது நின்றுபோனது. எங்கள் அலுவலக முதலாளி எல்லோருக்கும் ரோல்ஸும் டீயும் வாங்கிக் கொடுத்தார். ஏசிய ஐயாவே போன் எடுத்து, "கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள வருது தம்பி" என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஒரே ஒரு விசயத்துக்கு மட்டும் நான் சண்டை பிடித்தேன். ஒன்றும் கிடைக்காதபோது திரையில் காட்ட, "இந்த மலையின் கோப்புறையில் குளவி பற்றிய பதிவு இல்லை" என்று எழுதியிருந்தேன். மூன்று மொழியிலும் அது டெப்பின் திரைக்குள் அடங்காது என்று கம்பெனிக்காரர்கள் வெட்டச் சொன்னார்கள். கடைசியில் "எதுவும் இல்லை" என்று வந்து நின்றது. இரண்டும் ஒன்றில்லை என்று நான் சொன்னதற்கு, உனக்கு எழுத்தாளனாகப் போகும் எண்ணம் இருக்கிறதா என்று முதலாளி சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டே, நாளைக்கு எந்த மலை என்று யாரோ வாசலில் கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

"ஆறாம் நம்பருக்குத்தான். ஓட பக்கம் நிர புடிக்க யாருக்கும் இஷ்டமில்ல."

"ஏன் அக்கா?" என்றேன்.

"ஓடைக்கு அந்தப் பக்கத்துல பெரிய மரத்துல கூடு கட்டியிருக்கு. பானை தண்டிக்கு இருக்கு."

"ஐயாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னோம். அவரே வந்து படம் புடிச்சிட்டுப் போனாரு."

படம் பிடித்திருந்தால் கவலை இல்லை என்று நினைத்தேன். என் வேலை நடக்கும் அழகை அக்காவுக்குக் காட்டலாம் என்ற ஆசையும் இருந்தது. போனில் களஞ்சியத்தைத் திறந்து ஆறாம் நம்பர் மலை, குளவி என்று அடித்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. எதுவும் இல்லை.

அக்கா மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். "இதுதானா அது? நல்லாத் தேடுனியா?"

ஓடைக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் நம்பர் மலை. சும்மா ஐந்தாம் நம்பரை அடித்துப் பார்த்தேன். படம் வந்துவிட்டது. ஓடையின் ஐந்தாம் நம்பர்க் கரையில் மரம் நிற்கிறது. கூடு தொங்கும் கிளையோ ஓடையைத் தாண்டி ஆறாம் நம்பர் தேயிலைக்கு மேலே நீண்டிருக்கிறது. தோட்டத்தில் மரங்களுக்கெல்லாம் கணக்கு உண்டு. அடிமரம் எந்த மலையில் நிற்கிறதோ அந்த மலைக்குத்தான் அது சொந்தம், கிளை எங்கே போனாலும் கேள்வியில்லை. ஐயா அந்த முறைப்படி ஐந்தில் போட்டிருந்தார். அவர் செய்தது சரி. ஆறில் தேடினால் ஆறை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்ன எங்கள் மென்பொருளும் சொன்னபடிதான் செய்தது. எல்லோரும் சரியாகச் செய்து, நாளைக்கு என் அக்கா அந்தக் கூட்டுக்குக் கீழே போய் நிற்கப் போகிறாள்.

அங்கேயே வைத்து ஐயாவுக்குப் போன் எடுத்தேன். நல்ல மனுசன். கேட்டதும் புரிந்துகொண்டார்.

"நான் இருக்கிற வரைக்கும் அங்க அனுப்ப மாட்டேன் தம்பி. கூட்ட எடுக்க ஆளு சொல்லியிருக்கேன், மழ விடணும்."

"ஆறாம் நம்பர்லயும் அந்தப் படத்த ஒருக்கா போட்டு வச்சிடுங்க ஐயா."

சற்று நேரத்தில் அவரே திரும்ப எடுத்தார். போட்டுப் பார்த்தாராம். இந்தப் படம் ஏற்கெனவே களஞ்சியத்தில் உள்ளது என்று சொல்லி ஏற்றுக்கொள்ளவில்லையாம். ஒரே படத்தை இரண்டு இடத்தில் போட்டு இடத்தை அடைக்கக் கூடாது என்று அதையும் நாங்கள்தான் தடுத்து வைத்திருந்தோம். புதிதாக வேறு படம் எடுத்துப் போடுகிறேன், மழை விடட்டும் என்றார். எங்களுக்குத் தோட்டத்தின் பதிவுகளைப் பார்க்க மட்டும்தான் அனுமதி, கைவைக்க முடியாது. சரி ஐயா என்று போனை வைத்தேன். மறுநாள் ஆறாம் நம்பருக்கு யாரையும் அனுப்பவில்லை.

அலுவலகத்தில் விசயத்தைச் சொன்னேன். முதலாளி கெட்டவர் இல்லை, முழுதாகக் கேட்டார். பழையபடி எல்லாவற்றையும் தேட விட்டால் மறுபடி வட்டம் சுற்றும், மறுபடி பார்க்காமல் விட்டுவிடுவார்கள் என்றார். அதுவும் உண்மைதான். நான் வேறு வழி சொன்னேன். ஒவ்வொரு மலைக்கும் பக்கத்து மலைகள் எவை என்று குறித்து வைப்போம், ஆறைக் கேட்டால் ஐந்தையும் ஏழையும் சேர்த்துப் பார்க்கட்டும், இரண்டு மூன்று கோப்புறை கூடுவதால் ஒன்றும் குறைந்துவிடாது. நானே என் கணினியில் எழுதி ஓட்டியும் காட்டினேன். நன்றாக ஓடியது. ஆனால் எந்த மலைக்கு எது பக்கம் என்பதைக் கம்பெனி தர வேண்டும், மாற்றத்துக்குக் கம்பெனியின் ஒப்புதலும் வேண்டும். கொழும்புக்கு மின்னஞ்சல் போனது. சீசன் முடிந்து இன்டெக்ஸ் போடும்போது இதையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. நான் மறுபடி எழுதினேன். அதற்கும் மரியாதையாகப் பதில் வந்தது. மூன்றாம் தடவை நான் எழுதியதில் மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது என்று முதலாளி அதை அனுப்பவில்லை.

இரவில் படுத்தால் இதே யோசனை. ஐயா ஒருவருடைய ஞாபகத்தில்தான் அந்தக் கூடு தங்கியிருக்கிறது. எந்த ஞாபகத்தை நம்பக் கூடாது என்று இத்தனை செலவில் மென்பொருள் செய்தோமோ, அதே ஞாபகம். அக்காவிடம் போனில் கேட்கும்போதெல்லாம், "ஐயா இருக்காருல்ல, நீ சும்மா இரு" என்பாள்.

மழை விட்டது. அதே நாட்களில் ஐயாவின் வீட்டில் கல்யாணம். கூட்டை எடுக்கவும் புதுப் படம் போடவும் முன்னால் அவர் லீவில் போனார். பக்கத்து டிவிசனிலிருந்து வேறொருவர் வந்து பெரட்டு எடுத்தார். எனக்கு இது எதுவும் தெரியாது. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா போன் எடுத்தாள். அந்த நேரத்தில் ஒருநாளும் எடுக்க மாட்டாள்.

"தம்பி, ஆறாம் நம்பருக்கு விட்டுட்டாங்க."

"கூடு இருக்குன்னு சொல்லலயா நீங்க?"

"எல்லாருந்தான் சொன்னோம். அவரு டெப்பக் காட்டுறாரு. எதுவும் இல்லன்னு போட்டிருக்கு. வேலைக்கிப் போகாட்டிப் பேர் போட மாட்டேங்கிறாரு."

பேர் போடாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. "ஓட பக்கம் போகாதீங்க அக்கா" என்றேன்.

"என் நிர அங்கதான் விழுந்திருக்கு. பாத்துக்கிறேன். மேல சிக்னல் இருக்காது, வைக்கிறேன்."

மறுபடி எடுத்தால் போகவில்லை. கல்யாண வீட்டிலிருந்த ஐயாவைப் பிடித்தேன். மேளச் சத்தத்துக்கு நடுவில் விசயத்தைக் கத்திச் சொல்லி, புதியவரின் நம்பரை வாங்கினேன். புதியவர் பொறுமையாகத்தான் பேசினார். அந்தப் பொறுமைதான் என்னைக் கொன்றது.

"உங்க சிஸ்டந்தானே தம்பி இது? நான் தேடித்தான் அனுப்பினேன். இல்லன்னுதானே வருது."

"அஞ்சாம் நம்பரப் போட்டுப் பாருங்க ஐயா."

"ஆறுக்கு அனுப்பிட்டு அஞ்ச எதுக்குப் பாக்கணும்?"

"மரம் அஞ்சுல நிக்கிது, கூடு ஆறுக்கு மேல தொங்குது. முதல்ல ஆள அனுப்பி அவங்கள இறங்கச் சொல்லுங்க. பெறகு பாருங்க."

"இருங்க, பாத்துட்டு அனுப்புறேன். சும்மா மலைய நிப்பாட்டிட்டு நான் தொரைக்கு என்ன பதில் சொல்றது?"

பார்த்தார். போன் காதில் இருக்க, அவர் டெப்பில் படம் இறங்குவதற்கு நான் ஹட்டனில் நின்று காத்திருந்தேன். சிக்னல் மோசமான இடத்தில் முழுப் படத்தையும் இறக்கக் கூடாது, முதலில் சின்னப் படமும் இரண்டு வரியும் போதும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் எனக்கு நேர்முக வர்ணனை கொடுத்தார்.

"வருது... மரத்து உச்சி தெரியிது... இன்னும் வரணும்."

"ஐயா, அனுப்பிட்டுப் பாருங்க."

"பாதி வந்திருச்சி. கொஞ்சம் இருங்க... ஆமா தம்பி. கூடுதான். பெரிய கூடு."

பிறகு கங்காணியைக் கூப்பிடும் குரல் கேட்டது. அவரை மேலே ஓடச் சொன்னார். ஓட்டமாகத்தான் போயிருக்கிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மலையில் ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பாதையில்தான் நான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். அவர் பாதி வழியில் இருக்கும்போதே மேலே கூச்சல் கேட்டதாம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வார்டு நிறைய எங்கள் லயத்துப் பெண்கள். மற்றவர்கள் ஓடித் தப்பியதில் கொஞ்சம் கொஞ்சம் கொட்டு வாங்கியிருந்தார்கள். அக்கா மட்டும் கூட்டுக்கு நேர் கீழே நின்றிருக்கிறாள். கட்டிலில் கிடந்தது அக்காதான் என்று கையிலிருந்த வளையலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. முகம் அவ்வளவு வீங்கியிருந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டு, மறுநாள் வரை எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அக்கா பிழைத்தாள். பேச்சு வந்ததும் முதலில் என்னிடம் சொன்னது, "படங்கப் போத்திக்கிட்டுக் குப்புற விழுந்துட்டேன், இல்லாட்டி முடிஞ்சிருக்கும்" என்பதுதான். படங்கு என்பது பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் முரட்டுச் சாக்கு. கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க இதுல அந்தப் படம் இருந்துச்சா, இல்லியா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு அக்கா."

"இருந்துச்சில்ல," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கோப்புறை, மரம், கட்டளை என்று எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அதை அந்த வீங்கிய முகத்துக்கு முன்னால் சொல்லும் தைரியம்தான் இருந்திருக்காது. இடது கண்ணில் இன்னும் மங்கலாகத்தான் தெரிகிறது என்கிறாள். மலைக்குப் போவதில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

கொழும்பிலிருந்து அந்த வாரமே ஒப்புதல் வந்துவிட்டது. சீசன் முடியவில்லை, ஆனாலும் களஞ்சியத்தை மூடினார்கள். மூட முடியும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. இன்டெக்ஸ் போட்டோம். பக்கத்து மலைகளின் விவரத்தைக் கம்பெனியே ஆள் வைத்து எழுதி அனுப்பியது. நான் எத்தனை தரம் கெஞ்சியும் நகராத வேலை, நாலு நாளில் முடிந்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை. மேசையைத் தூக்கி வீதியில் எறிய வேண்டும் போல இருந்தது. மானிட்டரைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி வேலை செய்தேன்.

எல்லாம் முடிந்து களஞ்சியத்தைத் திறந்த அன்று, தோட்டத்து ஆள் தேடுவது போலவே தேடிப் பார் என்றார் முதலாளி. எந்த மலையை அடிப்பது என்று நான் யோசிக்கவில்லை, கை தானாகவே அடித்தது. ஆறாம் நம்பர் மலை, குளவி. பதில் உடனே வந்தது. புதிய பதிவு மேலே வரும்படி வைத்திருந்தோம். முதலாவதாக வந்தது ஒரு விபத்து அறிக்கை. பெரட்டு எடுக்க வந்தவர் அன்றே எழுதிப் போட்டது. விபத்து நடந்த இடம் ஆறு என்பதால் முறைப்படி ஆறில் போட்டிருந்தார். காயமடைந்தவர் என்ற இடத்தில் என் அக்காவின் முழுப் பெயரும் பதிவு நம்பரும் இருந்தன. கூட்டின் படம் அதற்குக் கீழே, இரண்டாவதாக வந்திருந்தது.

பின்னால் நின்றுகொண்டிருந்த முதலாளிக்கு அங்கிருந்து எழுத்துத் தெரியவில்லை. வேகம் எப்படி என்று கேட்டார். உடனே வருகிறது என்று சொன்னேன்.